உச்சி வேளையில் வந்த காத்துக் கோளாறு

மதுரையில் இறங்கிய முதல் ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். ரிக்‌ஷாக்காரர், விடுதியில் சாவி கொடுத்தவர், இட்லி வைத்தவர். "மலேசியாலருந்து வெயிலப் பாக்கவா வந்தீக?" ஆமாம் என்றேன். பாவம், நல்ல குடும்பத்துப் பிள்ளை மாதிரித்தான் இருக்கிறான் என்கிற முகத்தோடு மூவரும் நகர்ந்துகொண்டார்கள்.

நான் சொன்னதில் பொய் இல்லை. ஈப்போவில் நான் வேலை பார்த்த கம்பெனி, ஏர் கண்டிஷன் வைக்கும் கட்டடங்களுக்குத் தகரத்தில் காற்றுக் குழாய் செய்து கொடுப்பது. எண்பதுகளின் நடுவில் மதுரைக் கல்லூரி ஒன்றின் பேராசிரியர் எங்கள் முதலாளிக்குக் கடிதம் எழுதினார். அவரிடம் வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் கறுப்புக் கண்ணாடிப் பலகைகள் இருந்தன. அவை சூடேறினால் சோர்ந்துவிடும். பலகைக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி வைத்து அதற்குள் காற்றை ஓடவிட்டால் பலகையும் குளிரும், வெளியே வருகிற சூடான காற்றில் எதையாவது உலர்த்தவும் செய்யலாம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

அந்தப் பெட்டியை வளைத்தவன் நான். உள்ளே கை வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும், அப்படி ஒரு வழவழப்பு. காற்றுக் குழாய்க்காரனுக்கு அதுதான் பெருமை. கப்பலில் ஏற்றி அனுப்பிவிட்டு மறந்துவிட்டோம். சில மாதங்கள் கழித்து, பெட்டி வேலை செய்யவில்லை என்று கடிதம் வந்தது. தமிழ் தெரிந்தவன் போய்ப் பார்க்கட்டும் என்று முதலாளி என்னை அனுப்பினார். என் தமிழின் லட்சணம் அவருக்குத் தெரியாது. அவர் சீனர்.

வந்து சேர்ந்தது புதன்கிழமை. பேராசிரியர் சுந்தரராஜன் என்னைத் தம் ஸ்கூட்டரில் ஏற்றி விளாங்குடிக்கு, தம் வீட்டுக்குச் சாப்பிட அழைத்துப் போனார். எதையும் வீணாக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. சரிவு வந்தால் இன்ஜினை அணைத்துவிடுவார். திண்டுக்கல் சாலையில் நான் பார்த்தவரை சரிவே கிடையாது. ஆனாலும் நான்கு இடத்தில் அணைத்தார். இரண்டு இடத்தில் நான் இறங்கித் தள்ளினேன்.

சாப்பாட்டில்தான் பிரச்னையை விளக்கினார். இலையில் ஓர் அப்பளத்தை நிமிர்த்தி வைத்து, இதுதான் பலகை என்றார். பின்னால் ரசத்தை ஓடவிட்டு, இதுதான் காற்று என்றார். காற்று அடியில் நுழைந்து, பலகையின் முதுகைத் தொட்டுக்கொண்டு போய், மேலே வெளியேற வேண்டும். ரசம் பட்டதும் அப்பளம் நமத்துச் சாய்ந்தது. "பாத்தீங்களா, இதேதான் அங்கயும் நடக்குது" என்றார். எங்கள் ஊரில் மீன் தலைக் கறியை வைத்துக்கொண்டு இப்படிப் பாடம் நடத்த முடியாது.

பலகைகள் இருப்பது வாடிப்பட்டிக்கு அப்பால் ஒரு சின்னக் குடியிருப்பில். அங்கே அவை ஒரு பம்பை ஓட்டிக் கிணற்றுத் தண்ணீரைத் தொட்டிக்கு ஏற்றுகின்றன. சூடான காற்று பக்கத்து அறைக்குள் போய் மிளகாய் உலர்த்துகிறது. ஆனால் உச்சி வெயிலில் பம்பு நின்றுவிடுகிறது. சனிக்கிழமை சென்னையிலிருந்து ஒரு குழு பார்வையிட வருகிறது. அன்றைக்கும் நின்றால் பலகைகளைக் கழற்றிக் கொண்டுவந்து கல்லூரி மாடியில் வைத்துவிடுவார்கள்.

"அப்படி வந்தா எனக்கு லாபம்தான். மாடி ஏறினா ஆராய்ச்சி. அதை நினைச்சாத்தான் வெக்கமா இருக்கு" என்றார் பேராசிரியர். அதன் பிறகு அவர் மோரைக்கூட முழுதாகக் குடிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை நான் மட்டும் பஸ் ஏறினேன். ஈப்போ பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார்கள். இங்கே எல்லாரும் உள்ளே, என்னைப் பார்த்தார்கள். பக்கத்தில் இருந்த பெரியவர் என் சம்பளம், கல்யாணம், தலைமுடி இவற்றை விசாரித்து முடித்துவிட்டு, "தம்பி எந்தப் பக்கம்?" என்றார். ஈப்போ என்றேன். அதில்லை, எந்தப் பக்கம் என்றார். மலேசியாவில் வடக்குப் பக்கம் என்றேன். பொறுமையாக மறுபடி கேட்டார். மூன்றாவது தடவையில்தான் அவர் திசையைக் கேட்கவில்லை என்று புரிந்தது. என் அப்பா ரயில்வேயில் இருந்தார் என்றேன். அவருக்குத் திருப்தி இல்லை. கொய்யாப்பழம் பாதி தருவதாக இருந்தவர் அதைத் தாமே தின்றுவிட்டார்.

குடியிருப்பின் பலகைகளையும் மிளகாய் அறையையும் பார்த்துக்கொள்வது முத்துப்பேச்சி அக்கா. நாற்பது வயது இருக்கும். முன்பெல்லாம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர், இப்போது சொந்தமாக ஒரு துண்டு நிலம் இருக்கிறது. அவர் இடுப்பில் அறைச் சாவியோடு ஒரு ஸ்க்ரூ டிரைவரும் தொங்கியது. வணக்கம் சொன்னேன். "இந்தத் தகரப் பெட்டியச் செஞ்ச தம்பி நீங்கதானா?" என்றார். பெருமையோடு தலையாட்டினேன். அவசரப்பட்டுவிட்டேன் என்று பன்னிரண்டு மணிக்குத் தெரிந்தது.

பத்து மணிக்குத் தண்ணீர் தொட்டியில் கொட்டியது. பதினொன்றுக்கு நூலாக இறங்கியது. பன்னிரண்டுக்கு பம்பு ஒரு தடவை முனகிவிட்டு நின்றது. தலைக்கு மேல் சூரியன் தகதகவென்று நிற்க, அதை நம்பிப் பிழைக்கும் சாமான் படுத்துக்கொண்டது. பலகையின் முதுகைத் தொட்டேன். விரல் சுட்டது. பெட்டிக்குள் காற்றாடி சுற்றுகிறது, காற்றும் போகிறது, ஆனால் சூடு மட்டும் பலகையை விட்டு இறங்கவில்லை. பலகை கொதித்தால் மின்சாரத்தின் அழுத்தம் குறைகிறது. அது குறைந்தால் பம்புக்கு அந்த உயரம் ஏற்றத் தெம்பில்லை. நூலிழை வித்தியாசத்தில்தான் பம்பு நிற்கிறது. நூலிழையை எப்படிப் பிடிப்பது என்பதுதான் தெரியவில்லை.

பக்கத்து ஊரில் நல்ல கிணறும் கரண்ட் மோட்டாரும் இருக்கின்றன. இவர்கள் அங்கே இறைக்கக் கூடாது என்று யாரும் வாயால் சொல்வதில்லை. ஆனால் யாரும் இறைப்பதில்லை. வயலுக்கு மோட்டார் போடும்போது வாய்க்காலில் வருவதை மொண்டுகொள்ளலாம். மோட்டார்க்காரர் எப்போது போடுவார் என்பது அவர் மனசைப் பொறுத்தது. முத்துப்பேச்சி அக்கா இதைப் புகாராகச் சொல்லவில்லை. மழை எப்போது பெய்யும் என்று சொல்வது போலத்தான் சொன்னார். "சனிக்கெழம நின்னுச்சுன்னா இதையும் தூக்கிட்டுப் போயிருவாக தம்பி" என்றதில் மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது.

கம்பங்கூழும், என் பெட்டியின் காற்றில் உலர்ந்த மோர் மிளகாயும் கொடுத்தார். என் கைவேலை என் நாக்கைப் பொசுக்கியது. இரண்டு செம்பு தண்ணீர் குடித்த பிறகுதான் அந்தத் தண்ணீர் எங்கிருந்து எப்படி வந்தது என்று உறைத்தது. மூன்றாவது செம்பு வேண்டாம் என்றேன்.

அப்போது கருப்பையா அண்ணன் வந்தார். சுற்றுப்பட்டி மாடுகளுக்கெல்லாம் லாடம் அடிப்பவர். குளம்பு தேயாமல் இருக்க அடிக்கிற அந்த இரும்புத் துண்டுகளில் தேய்ந்துபோனவற்றை ஒரு சாக்கு நிறையச் சேர்த்து வைத்திருந்தார். ஓய்ந்த நேரத்தில் குழந்தைகளுக்கு மந்திரித்துத் திருநீறும் போடுவாராம். முதல் பார்வையிலேயே எனக்கு உறவு கட்டிவிட்டார். "என்ன மாப்ள, பொட்டிக்கு என்ன சீக்கு?" என்றார்.

படித்தவன் பாமரனுக்குப் புரியும்படி பேச வேண்டும் என்று ஈப்போவில் எங்கள் தமிழ் வாத்தியார் சொல்வார். நானும் எளிமையாகச் சொன்னேன். "காத்துக் கோளாறுதாண்ணே. உச்சி வெயில் நேரத்துல உள்ள வந்து நின்னுக்குது. வெளிய போக மாட்டேங்குது."

கருப்பையா அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டார். முத்துப்பேச்சி அக்கா பெட்டியிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார். எப்போதிலிருந்து என்று மெதுவாகக் கேட்டார். பெட்டி வந்த நாளிலிருந்தே இருக்கும், நான்தான் கவனிக்கவில்லை என்றேன். கப்பலில் வரும்போதே ஏறியிருக்குமோ என்றார் அண்ணன். இருக்கலாம், செய்யும்போதே வந்த கோளாறு என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். விஞ்ஞானத்தை இவ்வளவு பயபக்தியோடு கேட்பவர்களை நான் பார்த்ததே இல்லை. எனக்கு உள்ளூர ஒரே பூரிப்பு. நாளைக்கு மதுரையில் சாமான் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை காலையில் வந்து சரிபண்ணிவிடுகிறேன் என்று சொல்லி பஸ் ஏறினேன்.

வெள்ளிக்கிழமை முழுக்க மதுரையில் பழைய மோட்டார் சாமான் கடைகளில் அலைந்தேன். பெரிய காற்றாடி போட்டால் காற்று வேகமாக ஓடும், பலகை குளிரும் என்பது என் திட்டம். ஆனால் பெரிய காற்றாடி பெரிதாகத் தின்னும். அது தின்பதும் அதே பலகையின் மின்சாரத்தைத்தான். பம்புக்கு என்ன மிஞ்சும் என்று பேராசிரியர் கேட்டார். நான் காற்றாடியை எடுத்துக் காட்டினேன். ஏதோ ஒரு காரிலிருந்து கழற்றியது. கவலை தீர ஜிகர்தண்டா குடித்தேன். நன்னாரியும் பாலும் கடல்பாசியும் உள்ளே போனபோது, இதைப் பலகையின் முதுகில் ஊற்றினால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. பேராசிரியரிடம் சொல்லவில்லை. சொன்னால் செய்து பார்த்துவிடுவார்.

சனிக்கிழமை காலை அவர் குழுவோடு காரில் முன்னால் போய்விட்டார். நான் மடியில் காற்றாடியோடு பஸ்ஸில். கண்டக்டர் காற்றாடியைச் சுற்றிவிட்டுப் பார்த்துவிட்டு, இது சுற்றுகிறது, அதனால் இதுவும் ஓர் ஆள், டிக்கெட் எடுக்க வேண்டும் என்றார். பின் சீட்டில் சிரித்தார்கள். பாதி வழியில் பஸ்ஸின் இன்ஜின் புகைந்து நின்றது. ரேடியேட்டர் கொதித்துவிட்டது. டிரைவர் இறங்கி வந்து என் மடியையே பார்த்தார். அண்ணே, அது கார் ரேடியேட்டரைக் குளிரவைக்கிற பேன்தானே என்று கேட்டார். நான் அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். சூடேறினால் எல்லாச் சாமானும் ஒரே புத்தியைத்தான் காட்டுகிறது. குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி பஸ் கிளம்பியபோது பதினொன்றரை தாண்டிவிட்டது. ஈப்போவில் பஸ் நின்றால் அடுத்த பஸ் வரும். இங்கே அடுத்த பஸ்ஸும் எங்களுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தது.

இறங்கி ஓடினேன். பன்னிரண்டே கால். எல்லாம் முடிந்திருக்கும், கழற்றுகிற ஆட்கள் வந்திருப்பார்கள், அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைத்துக்கொண்டே போனேன்.

தொட்டியில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

குழுத் தலைவரான மூத்த அதிகாரி குடை பிடித்தபடி குழாயின் கீழே கையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் கடிகாரத்தையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நான் பலகையின் முதுகைத் தொட்டேன். சூடுதான், ஆனால் கை வைக்க முடிகிற சூடு. மிளகாய் அறைக்குள் போகிற காற்றோ வியாழக்கிழமையைவிடக் கொதித்தது. அதாவது பலகையை விட்டு இறங்க மறுத்த சூடு இப்போது காற்றோடு கிளம்பிவிட்டது. யார் இறக்கினார்கள்?

என்ன மாற்றம் செய்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். பேராசிரியர் என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன். அவர் கருப்பையா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் வேப்பமரத்தைப் பார்த்தார். கடைசியில் முத்துப்பேச்சி அக்காதான் பேசினார்.

"தம்பி சொன்னதுக்குத்தான் சார் செஞ்சோம். காத்துக் கோளாறுன்னாக. உச்சி வேளையில உள்ள வந்து நின்னுக்குது, போக மாட்டேங்குதுன்னாக. இரும்பு வச்சாப் போயிரும்ல. அதான் நேத்து வெள்ளிக்கெழம, நல்ல நாளுன்னு வச்சோம்."

ஈப்போவில் பேய்க்குப் பேய் என்றுதான் பெயர். மதுரைப் பக்கம் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள், காத்து என்பார்கள் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதுவும் உச்சி வேளையில் வந்து புகுந்து, போக மறுக்கிற காத்து. நானே என் வாயால், செய்யும்போதே பிடித்தது, கப்பலேறி வந்தது என்று ஜாதகம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா தம் ஸ்க்ரூ டிரைவரால் பின் மூடியைத் திறந்தார். என் வழவழப்பான பெட்டிக்குள், பலகையின் முதுகோடு ஒட்டி, குறுக்குக் கம்பிகளில் வரிசை வரிசையாகத் தேய்ந்த லாடங்கள் கட்டியிருந்தன. நாற்பத்தெட்டு என்றார் கருப்பையா அண்ணன். காற்று நுழையும் வாய்க்குக் கீழே தரையில் குங்குமம் தடவிய ஓர் எலுமிச்சம்பழம்.

ஒரு கணம் எனக்குச் சிரிப்பு முட்டியது. அடுத்த கணம் அவசரமாகக் குழுவைத் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி சிரித்துவிட்டால் எல்லாம் போயிற்று. பேய் ஓட்டிய இடத்தில் பலகையை விட்டு வைத்தோம் என்று யார் எழுதுவார்கள்? அப்போதுதான் லாடங்களை ஒழுங்காகப் பார்த்தேன். பார்த்ததும் என் மேலேயே எனக்குக் கோபம் வந்தது. வழவழவென்ற பெட்டியில் காற்று ஒன்றையும் தொடாமல், அவசரக்காரன் தெருவைக் கடக்கிற மாதிரி நேராக ஓடிவிடுகிறது. லாடத்தில் முட்டினால் தடுமாறும், சுழலும், பலகையின் முதுகை உரசும். இரும்பும் சூட்டை வாங்கிக் காற்றிடம் கொடுக்கும். நான் பெருமைப்பட்ட வழவழப்புதான் கோளாறு. செய்யும்போதே வந்த கோளாறு என்று நான் சொன்னது அட்சர சுத்தமான உண்மை.

இதை அப்படியே அதிகாரியிடம் சொன்னேன். தப்பு என் பெட்டியில்தான் என்றும் சொன்னேன். பேராசிரியர் இடையில் புகுந்து, உள்பரப்பைக் கரடுமுரடாக்கியிருக்கிறோம் என்று ஆங்கிலத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை சொன்னார். அதிகாரி எழுதிக்கொண்டார். பிறகு பேனாவை மூடிவிட்டு, அந்த இரும்பையெல்லாம் எடுத்துவிட்டு ஒரு முறை ஓட்டிக் காட்டுங்கள், வித்தியாசம் தெரிய வேண்டும் என்றார். முறையான கேள்விதான். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

கருப்பையா அண்ணன் பெட்டிக்கு முன்னால் வந்து நின்றார். "கட்டுன இரும்ப அவுத்தா திரும்ப வந்துரும் சார்" என்றார்.

அதிகாரி என்னைப் பார்த்தார். படித்தவன், வெளிநாட்டிலிருந்து வந்தவன், நீ சொல் என்கிற பார்வை. முத்துப்பேச்சி அக்காவும் என்னைத்தான் பார்த்தார். 

"அவர் சொல்றது சரிதான் சார். அவிழ்த்தா திரும்ப வந்துடும்" என்றேன்.

"எது?"

"காத்துக் கோளாறு."

அதிகாரி தொட்டியில் கொட்டுகிற தண்ணீரை இன்னொரு தடவை பார்த்தார். நோட்டுப் புத்தகத்தை மூடினார். பலகைகள் இங்கேயே இருக்கட்டும் என்று பேராசிரியரிடம் சொல்லிவிட்டு காருக்கு நடந்தார். நேராகப் போனால் எலுமிச்சம்பழத்தைத் தாண்ட வேண்டும். பேன்ட்டும் குடையுமாக அந்தப் பெரிய மனிதர் அதைச் சுற்றிக்கொண்டு போனார். பின்னால் வந்த இரண்டு உறுப்பினர்களும் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாகப் போன பேராசிரியரும் சுற்றினார், நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் செருப்பைச் சரிசெய்வது போலக் குனிந்தார்.

முத்துப்பேச்சி அக்கா தொட்டியிலிருந்து ஒரு செம்பு தண்ணீர் மொண்டு கொடுத்தார். இந்தத் தடவை மூன்று செம்பு குடித்தேன். மனசு நிறைந்திருந்தது, அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆனால் பொய்ப் பெயர் வாங்கிக்கொண்டு போகக் கூடாதே என்று உண்மையைச் சொன்னேன். அக்கா, நான் சொன்னது அந்தக் காத்து இல்லை, சும்மா மூச்சு விடுகிற காத்துதான் என்றேன்.

"எந்தக் காத்தா இருந்தா என்ன தம்பி, போனாச் சரி" என்றார். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார். "இனிமே அவுக மோட்டார் போடுற நேரம் பாத்து ஒல வைக்க வேணாம்."

காற்றாடியைத் திரும்ப மதுரைக்குத் தூக்கிப் போகும் தெம்பு எனக்கில்லை. வழியில் கொதித்து நின்ற பஸ்ஸின் டிரைவர், அதே பஸ்ஸோடு சாயங்காலம் வந்தார். அவரிடமே கொடுத்துவிட்டேன். கண்டக்டரை என்னிடம் டிக்கெட் கேட்க அவர் விடவில்லை.

ஈப்போவுக்குத் திரும்பியதும் முதல் வேலையாகப் புதுப் பெட்டி ஒன்று செய்தேன். உள்ளே தகரத்தில் லாட வடிவத்தில் வெட்டி, வரிசையாக நிற்கவைத்தேன். நாற்பத்தெட்டு. முதலாளி குனிந்து பார்த்து, இத்தனை வருஷம் வழவழவென்று செய்தவனுக்கு என்ன ஆயிற்று, இதெல்லாம் எதற்கு என்றார். அவரும் நானும் பேசிக்கொள்வது மலாயில். "காற்றுக் கோளாறுக்கு" என்றேன்.

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு சின்னத் தைலப் புட்டியை எடுத்து என் கையில் வைத்தார். தொப்புளைச் சுற்றித் தடவு, காற்று பிரிந்துவிடும், இந்தியாவில் கண்டதையும் தின்றிருப்பாய் என்றார்.

அந்தப் பெட்டி இரண்டாவது பம்புக்காக வாடிப்பட்டிக்குத்தான் கப்பலேறியது. ஆணி அடித்து மூடுவதற்கு முன்னால், யாரும் பார்க்காத நேரத்தில், காற்று நுழையும் வாயில் அந்தத் தைலத்தை ஒரு சொட்டுத் தடவிவிட்டேன்.